நேனோவைப் பார்த்துச் சிரித்தவன் எழுதுவது

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றை எழுத வேண்டுமென்று பல வாரங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் தொடர்புடைய மாணவியிடம் ஒப்புதல் கேட்டேன். “பெயரும் ஊரும் வேண்டாம், மற்றதைத் தாராளமாக எழுதுங்கள்” என்றார். அதன் பிறகே எழுதுகிறேன். கணினியின் கறுப்புத் திரையோடு பழக்கமில்லாத நண்பர்களும் பொறுமையுடன் படிக்கலாம். தொழில்நுட்பம் இதில் பாதிதான்.

முதலில் ஒரு சிறு விளக்கம். எங்கள் குழு செய்வது மூலக்கூறு இயக்கவியல் கணக்கீடு. ஒரு புரதத்தையும் அதைச் சூழ்ந்த நீரையும் கணினிக்குள் அமைத்து, அணுக்கள் எவ்வாறு அசைகின்றன என்று நாள்கணக்கில் கணக்கிட்டுப் பார்ப்போம். இது எங்கள் மேசைக் கணினிகளில் நடப்பதில்லை. தொலைவிலுள்ள கிளஸ்டர் ஒன்றினுள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, அங்கே நடத்துவோம். அங்கு மவுஸ் இல்லை, பொத்தான்கள் இல்லை. கறுப்புத் திரையும் மின்னும் கர்சரும் மட்டுமே. வெப்பநிலை எவ்வளவு, எத்தனை படிகள், எத்தனை கோர்கள் என்னும் விவரங்களையெல்லாம் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திருத்தப் பயன்படும் மென்பொருளே உரைத்திருத்தி.

அவற்றுள் நேனோ எளியது. திறந்தவுடன் தட்டச்சு செய்யலாம். தட்டிய எழுத்து திரையில் விழும். எப்படிச் சேமிப்பது, எப்படி வெளியேறுவது என்பன திரையின் கடைசி இரண்டு வரிகளில் எப்போதும் எழுதப்பட்டிருக்கும். விம் (பாத்திரம் துலக்கும் விம் அன்று) வேறு வகை. திறக்கும்போது அது கட்டளை நிலையில் இருக்கும். அந்நிலையில் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமானால் ‘ஐ’ விசையைத் தட்டி எழுதும் நிலைக்குச் செல்ல வேண்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப் அழுத்தித் திரும்ப வேண்டும். கட்டளை நிலையில் ‘டி’ விசையை இருமுறை தட்டினால் ஒரு முழு வரி அழியும். பழகியவர் கையில் அது பம்பரமாய்ச் சுழலும். பழகாதவர் கையில் எதை அழிக்கும் என்று சொல்ல இயலாது.

எங்கள் குழுவில் முதலாண்டு மாணவி ஒருவர் சேர்ந்தார். சிறுநகரக் கல்லூரி ஒன்றில் வேதியியல் முதுநிலை முடித்தவர். அதுவரை விண்டோஸ் தவிர வேறெதையும் தொட்டதில்லை. வந்த முதல் வாரத்தில், வடக்கே மூத்தவர்களை அழைக்கும் வழக்கப்படி, “பையா, கோப்பைத் திருத்த எனக்கு நேனோ போதுமா?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். “நேனோவா? அது நர்சரிப் பிள்ளைகளுக்கு. ஆராய்ச்சிக்கு வந்துவிட்டீர்கள், விம் கற்றுக்கொள்ளுங்கள்” என்றேன். பக்கத்து மேசைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எவர் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு என் மூத்தவர் அப்படித்தான் சொன்னார். அவருக்கு அவருடைய மூத்தவர் சொல்லியிருப்பார்.

அந்த மாணவி நேனோவைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. விம்முக்குரிய நான்கைந்து கட்டளைகளை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத் தம் முதல் நீண்ட கணக்கீட்டை அனுப்பினார். வெப்பநிலை 310 கெல்வின். ஏறத்தாழ மனித உடலின் வெப்பம். 48 கோர்களில் 11 நாள் ஓட வேண்டிய கணக்கீடு. குழுவில் முன்பே இருந்த 310 கெல்வின் முடிவுகளோடு அதை ஒப்பிடுவது திட்டம். பதினொரு நாளும் ஓடி முடிந்தது. குழுக் கூட்டத்துக்காக அட்டவணை தயாரிக்கையில், வெளியீட்டுக் கோப்பின் தொடக்கத்தில் வெப்பநிலை 312 என்றிருப்பதை நான் கண்டேன்.

இரண்டு டிகிரிதானே என்று தோன்றலாம். ஒப்பீடு என்றால் ஆராயும் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். கிடைத்த வேறுபாடு புரதத்தால் வந்ததா, வெப்பத்தால் வந்ததா என்று யாரும் கேட்கலாம். எங்களிடம் விடை இருக்காது. அந்தக் கணக்கீடு பயனற்றுப் போயிற்று.

தாம் 312 என்று எழுதவில்லை என்று மாணவி உறுதியாகச் சொன்னார். அவரை அருகில் அமர்த்தி, அன்று செய்ததை அப்படியே மீண்டும் செய்யச் சொன்னேன். கோப்பை விம்மில் திறந்தார். வெப்பநிலை வரிக்குக் கர்சரைக் கொண்டுபோய் எண்ணைச் சரிபார்த்தார். அனுப்புவதற்கு முன் கோப்பு முழுவதையும் நகலெடுத்துத் தம் குறிப்புகளில் ஒட்டிக்கொள்வது அவர் வழக்கம், நல்ல வழக்கம். கை தானாகக் கன்ட்ரோல்-ஏ அழுத்தியது. விண்டோஸில் அதற்கு ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ என்று பொருள். விம்மின் கட்டளை நிலையிலோ, ‘கர்சர் நிற்கும் வரியில் அடுத்து வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு’ என்று பொருள். என் கண்ணெதிரே 310, 311 ஆயிற்று. எதுவும் தேர்வாகவில்லையே என்று மறுபடி அழுத்தினார். 312. பிறகு சலித்துப்போய், தாளில் எழுதியிருந்தபடி முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ எனத் தட்டினார். சேமித்துவிட்டு வெளியேறு என்பது அதன் பொருள். விம் சொன்னபடி செய்தது.

அந்த விசைக்கு அப்படியொரு வேலை உண்டென்பது எனக்குத் தெரியும். வரிசையாகக் கோப்புகளுக்கு எண்ணிடும்போது நானே அதைப் பயன்படுத்துகிறேன். விண்டோஸிலிருந்து வருபவரின் விரல் முதலில் தேடிப் போகும் விசைகளுள் அதுவும் ஒன்று என்பது மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என்னை அதிகம் சுட்டது அதற்கடுத்து அவர் சொன்னதுதான். நான்காம் நாளே வெளியீட்டில் 312 என்றிருப்பதை அவர் கவனித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கேட்டால் மறுபடி சிரிப்பீர்களோ என்று தோன்றியது, பையா. நிரலே ஏதோ காரணத்துக்காக அப்படி வைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்” என்றார்.

நான்காம் நாளில் நிறுத்தியிருந்தால் மீதி ஏழு நாள் மிஞ்சியிருக்கும். 48 கோர்கள், நாளுக்கு 24 மணி, ஏழு நாள்: 8,064 கோர்-மணிகள். முதல் நான்கு நாளின் இழப்பை விம்மின் கணக்கில் எழுதலாம். மீதி ஏழு நாளும் என் சிரிப்பின் கணக்கு.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘ஆகவே விம் கெட்டது, நேனோ நல்லது’ என்று முடிவுகட்டுவேன் என எண்ண வேண்டாம். நேனோவிடம் நானும் அடிபட்டிருக்கிறேன். 2017-இல், முதுநிலைப் படிப்பின்போது, நான் நேனோவைத்தான் பயன்படுத்தினேன். மிக நீளமான கட்டளை ஒன்று இருந்த ஸ்கிரிப்டில், அதன் கடைசியில் ஒரேயொரு விருப்பத்தைச் சேர்த்தேன். அந்நாளைய நேனோவுக்கு ஒரு குணம் உண்டு: தட்டச்சு செய்யும் வரி திரையின் அகலத்தை நெருங்கினால், கேட்காமலேயே அதை உடைத்து மீதியை அடுத்த வரியாக்கிவிடும். கடிதம் எழுதுகிறவருக்கு அது உதவி. கட்டளை எழுதுகிறவருக்கு அது உபத்திரவம். என் கட்டளையின் முன்பாதி மட்டும் பாதி விருப்பங்களோடு ஓடியது. பின்பாதியைத் தனிக் கட்டளையாக எண்ணிய ஷெல், அப்படியொரு கட்டளை இல்லை என்று அறிவித்தது. ஒரு வாரம் காத்திருந்து பெற்ற வரிசை வாய்ப்பு வீணாயிற்று. நேனோவின் 4.0 பதிப்பு 2019-இல் வந்தபோதுதான், கேட்காமல் வரியை உடைக்கும் இந்தக் குணம் இயல்புநிலையிலிருந்து நீக்கப்பட்டது. கிளஸ்டர்களில் பழைய பதிப்புகள் நெடுங்காலம் உயிர்வாழும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அன்றைய கோபத்தில்தான் நான் விம்முக்கு மாறினேன். என் ஏளனத்தின் வேர் அதுவே. இரு அனுபவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரிவது ஒன்றுதான்: எந்தத் திருத்தியும் தனக்கெனச் சில மௌனமான செயல்களை வைத்திருக்கிறது. அவற்றை முன்கூட்டியே சொல்லித்தர ஒருவர் வேண்டும். நடந்த பிறகு வெட்கமின்றிக் கேட்கவும் ஒருவர் வேண்டும். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. அவருக்கு அவை வாய்க்காமல் செய்தவன் நான்.

‘எளியது’, ‘உயர்ந்தது’ என்னும் சொற்களைப் பற்றிச் சற்று வரலாறு பார்ப்பது நல்லது. 1969-இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக ‘எட்’ என்னும் திருத்தியை எழுதினார். அது கேட்டாலன்றிக் கோப்பைக் காட்டாது. தவறான கட்டளை கொடுத்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் விடையாகத் தரும். 1976-இல் லண்டன் குயீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் அதை மாற்றியமைத்து, வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருத்தும் வசதியைச் சேர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘எம்’. மானிடருக்கான திருத்தி என்பதன் சுருக்கம். எட் சாகாவரம் பெற்றவர்களுக்கே ஏற்றது என்னும் கிண்டல் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. தாம்சனிடம் காட்டியபோது, இத்தகையது தமக்குத் தேவைப்படவில்லை, திருத்தும்போது கோப்பின் நிலையைப் பார்க்கத் தாம் விரும்புவதில்லை என்னும் பொருள்பட அவர் சொன்னதாகக் கூலூரிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதே ஆண்டுக் கோடையில் கூலூரிஸ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே மாணவராயிருந்த பில் ஜாய், ‘எம்’மைக் கண்டார். அதன் நிரலிலிருந்து பில் ஜாயும் அவருடைய தோழர் சக் ஹேலியும் தொடங்கிய வேலை ‘எக்ஸ்’ என்னும் திருத்தியாகி, அதன் முழுத்திரை வடிவம் ‘வீ-ஐ’ ஆயிற்று. அந்த வீ-ஐயைப் பின்பற்றி நெதர்லாந்தின் பிராம் மூலனார் உருவாக்கி 1991-இல் வெளியிட்டதே விம். ஆக, இன்று வல்லுநரின் அடையாளமாகக் காட்டப்படும் விம்மின் வம்சத்தில், சாதாரண மானிடருக்கென எழுதப்பட்ட ஒரு திருத்தி இருக்கிறது. எளியவருக்கென்று செய்யப்பட்டது ஐம்பது ஆண்டுக்குள் எளியவரை வாசலில் நிறுத்தும் பொருளாகிவிட்டது. அதை அப்படி ஆக்கியது நிரல் அன்று. அதைப் பயன்படுத்தும் நாம்.

விம்மின் விசித்திரங்களுக்குக் காரணங்கள் உண்டு. அவை அந்தக் காலத்துக் காரணங்கள். பில் ஜாய் வேலை செய்தது 300 பாட் வேக மோடத்தின் வழியாக. நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் 1,920 எழுத்துகள். முழுத்திரையை ஒருமுறை மீண்டும் வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தகைய நிலையில் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளையாக இருப்பது சிக்கனம். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்று டேப் விசை உள்ள இடத்தில் கைக்கு எட்டும்படி இருந்தது. விசைப்பலகை மாறிவிட்டது, விரல்களின் சடங்கு மட்டும் தங்கிவிட்டது.

நேனோவின் கதை வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பைன்’ என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்குள் கடிதம் எழுதுவதற்கென அமைந்தது ‘பிக்கோ’. கணினி வல்லுநர் அல்லாதோரும் அஞ்சல் எழுத வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிக்கோவின் உரிமம் கட்டற்ற மென்பொருள் வழங்கல்களுக்கு ஒத்துவராததால், 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா அதைப் போன்ற ஒன்றைப் புதிதாக எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு நேனோ என்று பெயர் வந்தது. அளவைக் கணக்கில் நேனோ, பிக்கோவைவிட ஆயிரம் மடங்கு பெரிது. பயனர் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, முன்பின் தெரியாதவரும் எழுதத் தொடங்க முடிய வேண்டும் என்று பதில் சொல்லிப் பிறந்த திருத்தி அது. அப்பதிலை நாம் ‘நர்சரி’ என்று அழைத்தோம்.

இனி விம், ஈமேக்ஸ் தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவை என் வாதங்களாகவும் இருந்தவை. ஆகவே குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முதலாவது, வேகம். செய்த திருத்தத்தை ஒரேயொரு புள்ளி விசையால் திரும்பச் செய்வது, ஒரு தொடர் செயலைப் பதிவுசெய்து ஆயிரம் வரிகளில் ஓட்டுவது, ஒரு நெடுவரிசையை மட்டும் வெட்டியெடுப்பது போன்றவற்றை விம் வெகு இயல்பாகச் செய்யும். 1976-இல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ ஈமேக்ஸாக வெளிவந்த வம்சமோ, ஒரு திருத்தி என்பதைக் கடந்து ஒரு பணிமனையாகவே வளர்ந்துவிட்டது. தொலைவிலுள்ள சர்வரின் கோப்பைத் தன் கணினியிலிருந்தே திருத்தவும், ஆய்வேட்டை அதற்குள்ளேயே எழுதி முடிக்கவும் அதில் இயலும். நாள் முழுவதும் நிரல் எழுதுகிறவர் இவற்றுள் ஒன்றை ஊன்றிக் கற்பது நியாயமான முதலீடு. அறுந்து அறுந்து வரும் விடுதி வைஃபையில், சில விசைகளால் பெரிய திருத்தத்தை முடிக்கும் விம்மின் சிக்கனம் இன்றும் கைகொடுக்கிறது.

ஆனால் எங்கள் மாணவி ஒரு நாளில் கிளஸ்டரில் திருத்துவது ஐந்தாறு வரிகள். ஒரு வெப்பநிலை, ஒரு கோப்பின் பெயர், கோர்களின் எண்ணிக்கை. அதில் விம் மிச்சப்படுத்தும் நேரம் நொடிகளில்தான் இருக்கும். எந்த வெப்பநிலையைத் தேர்வது என்று சிந்திப்பதற்கே அவருக்கு நாள் முழுவதும் தேவைப்படுகிறது. தட்டச்சின் வேகம் அவர் ஆராய்ச்சியின் தடையே அன்று. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: என் விம்மை அலங்கரிக்க நான் செலவிட்ட மாலைப்பொழுதுகளைக் கூட்டினால், அது எனக்கு மிச்சப்படுத்திய நேரத்தை எளிதில் தாண்டும்.

இரண்டாவது வாதம் வலுவானது. வீ-ஐ எங்கும் இருக்கும். நேனோ இருக்கும் என்று சொல்ல முடியாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையில் வீ-ஐக்கு இடமுண்டு, நேனோவுக்கு இல்லை. சிறு கருவிகளுக்கான பிஸிபாக்ஸ் தொகுப்புக்குள்ளும் ஒரு குட்டி வீ-ஐ அடங்கியிருக்கிறது. ஆகவே கறுப்புத் திரையில் வேலை செய்யும் எவரும் வீ-ஐயிலிருந்து உயிரோடு வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதற்கு எவ்வளவு வேண்டும்? எழுதத் தொடங்க ‘ஐ’, நிறுத்த எஸ்கேப், செய்ததை மீட்க ‘யூ’, சேமித்து வெளியேற முக்காற்புள்ளி-டபிள்யூ-கியூ, எதையும் சேமிக்காமல் தப்பிக்க முக்காற்புள்ளி-கியூ-ஆச்சரியக்குறி. அரை மணி நேரப் பாடம். வண்டி ஓட்டுகிறவர் ஸ்டெப்னி மாட்டத் தெரிந்திருப்பது போன்றது இது. அதற்காக அவரை மெக்கானிக் ஆகச் சொல்லுவாரில்லை.

விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் பத்து லட்சம் முறைக்கு மேல் மக்கள் பார்த்திருந்தார்கள். அதை நகைச்சுவையாகவே நாம் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அத்தனை பேரும் அறிவில்லாதவர்கள் என்று எண்ணுவதைவிட, அந்தக் கதவின் கைப்பிடி தவறான இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவதே அறிவியல் மனப்பான்மை. மென்பொருள் வழங்குவோர் அப்படித்தான் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். டெபியனும் உபுண்டுவும் நெடுங்காலமாக நேனோவை இயல்புத் திருத்தியாக வைத்திருக்கின்றன. ஃபெடோரா 2020-இல் தன் 33-ஆம் பதிப்பில் அவ்வாறே செய்தது. மைக்ரோசாஃப்ட் 2025-இல் கட்டளைவரிக்கென ‘எடிட்’ என்னும் சிறு திருத்தியை வெளியிட்டபோது, விம்மிலிருந்து வெளியேறும் அந்தப் பழைய நகைச்சுவையைக் குறிப்பிட்டே, நிலைகள் இல்லாத திருத்தியைத் தேர்ந்ததாகச் சொன்னது.

மூன்றாவது வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. கடினமானதைக் கற்றவரே இந்தத் துறைக்கு உரியவர் என்பது அது. திருத்தியின் தரத்தை மனிதரின் தரமாக மாற்றும் கணக்கு இது. இந்த நாட்டில் இந்தக் கணக்கு யாரைத் தாக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேசிய மீக்கணினி இயக்கத்தின்கீழ் 2019-இல் வாரணாசி ஐ.ஐ.டி.யில் ‘பரம் சிவாய்’ நிறுவப்பட்டது. 2022-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ‘பரம் பிரவேகா’ வந்தது. இவற்றைப் போன்ற கணினிகள் பல நகரங்களில் இயங்குகின்றன. வேதியியல், உயிரியல், வானிலையியல் என எங்கெங்கிருந்தோ மாணவர்கள் கறுப்புத் திரைக்கு வருகிறார்கள். பள்ளியிலேயே லினக்ஸ் கண்டவர் சிலர். கல்லூரியில் கணினி அறையின் கதவைப் பரிசோதனை நாளில் மட்டும் கண்டவர் பலர். அவர்களுடைய அறிவியல் அறிவை அளக்க நம்மிடம் வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. எஸ்கேப் விசை அவற்றுள் ஒன்றாக வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இதில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்த் தரவுகளோடு வேலை செய்யும் நண்பர்கள் இதை அறிவார்கள். விம்மில் தமிழ் விசைப்பலகையை இயக்கி எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்திக் கட்டளை நிலைக்கு வந்தால், ‘ஜே’ தட்டும் இடத்தில் ஒரு தமிழ் எழுத்துப் போய்ச் சேரும். விம்முக்கு அது புரியாது. ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, மறுபடி தமிழுக்கு மாற்றி, வரி ஒன்றுக்கு நான்கு முறை தாவ வேண்டும். விம்முக்குள்ளேயே விசையமைப்பைப் பொருத்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் அதைச் செய்ய முதலில் விம் தெரிந்திருக்க வேண்டும். நிலைகளே இல்லாத நேனோவில் இந்தத் தாவல் மிகக் குறைவு. ஈமேக்ஸோ தமிழ்99 உள்ளிட்ட உள்ளீட்டு முறைகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கட்டளைகள் பாதிப்படையாமல் தமிழில் எழுதலாம். தமிழ் உரையோடு நாள்தோறும் உழைப்பவருக்கு அதைக் கற்றுக்கொள்ளுமாறு நான் தயங்காமல் சொல்வேன். தேவை இருக்கும்போது கடினமானது தானே நியாயமாகிறது.

பிராம் மூலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். விம்மைக் கோப்பின்றித் திறந்தால் வரவேற்புத் திரையில் ஒரு வேண்டுகோள் தோன்றும். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி அவர் கேட்டுக்கொண்டது அது. தம் மென்பொருளுக்குக் கைம்மாறாக அவர் எதிர்பார்த்தது அந்த நன்கொடையைத்தான். ஈகையை வாசலில் எழுதிவைத்த மனிதரின் படைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலாண்டு மாணவி ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். ஏழெட்டு ஆண்டுகளாக அந்தத் திரையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். நின்று படித்தது இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான்.

ஆய்வகங்களில் மூத்தவர்களாக இருக்கும் நண்பர்களுக்குச் சில பரிந்துரைகள். இவற்றை எங்கள் குழுவில் செய்துவிட்டே சொல்கிறேன்.

1. புதிதாகத் தொடங்கப்படும் ஒவ்வொரு கணக்கிலும் இயல்புத் திருத்தியாக நேனோவை அமைத்துவிடுங்கள். தொடக்கக் கோப்பில் ஒரே வரி. இல்லாவிட்டால் ‘கிட்’ போன்ற மென்பொருள்கள் முன்னறிவிப்பின்றி ஒருவரை வீ-ஐக்குள் தள்ளிவிடக்கூடும். விம் வேண்டுபவருக்கு அந்த வரியை மாற்றத் தெரியும்.

2. நேனோவையும் சொல்லிக்கொடுங்கள். அதன் கடைசி வரிகளில் எழுத்துக்கு முன் நிற்கும் கூரை போன்ற குறி கன்ட்ரோல் விசையைக் குறிக்கிறது என்பதை யாரும் சொல்லாமல் அறிய முடியாது. அந்தக் குறியையே தட்டிப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. பழைய பதிப்பானால் வரி உடைவதைத் தடுக்கும் அமைப்பையும் இட்டுக்கொடுங்கள்.

3. வீ-ஐயின் தப்பிக்கும் வழியை அரை மணியில் கற்பியுங்கள். கூடவே, விண்டோஸ் விரல்களுக்கு ஆபத்தான விசைகளையும் சொல்லுங்கள். கன்ட்ரோல்-ஏ அந்தப் பட்டியலில் முதலில் வரட்டும். பழைய முனையங்களில் கன்ட்ரோல்-எஸ் திரையை உறையவைக்கும் என்பதையும், கன்ட்ரோல்-கியூ அதை விடுவிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கணக்கீட்டை அனுப்புமுன், திருத்திய கோப்பை மூலக்கோப்போடு ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் காட்டும் ‘டிஃப்’ கட்டளையை ஒருமுறை ஓட்டும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். எந்தத் திருத்தியைப் பயன்படுத்தினாலும் இது காக்கும். அந்த மாணவியின் 312-ஐயும், என் உடைந்த வரியையும் இது ஒரு நொடியில் காட்டிக்கொடுத்திருக்கும்.

கணக்கீடு மீண்டும் 310-இல் ஓடி முடிந்தது. மாணவி இப்போது நேனோவே பயன்படுத்துகிறார். சென்ற வாரம் பெரிய கோப்பு ஒன்றில் ஒரு நெடுவரிசையை மட்டும் நீக்க வேண்டியிருந்தபோது, அதற்கு வழி உண்டா என்று கேட்டார். விம்மில் செய்து காட்டினேன். கவனித்துப் பார்த்து, தாமே ஒருமுறை செய்து, தாளில் குறித்துக்கொண்டு, மறுபடி நேனோவுக்குத் திரும்பினார். எனக்கு அது சரியென்றே பட்டது. அவர் கேட்டார் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

உங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர், நேனோ போதுமா என்று தயங்கிக் கேட்டால், போதும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர் கோப்பை அவரோடு அமர்ந்து ஒருமுறை பாருங்கள்.